கோயில் மீன்

கொண்டல்துறையில் மீன் ஏலம் கூறுகிற சிங்கராசாவின் காதில் ஒரு குறையும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் வருகிற வள்ளத்தின் எஞ்சின் சத்தத்தை வைத்தே அது யாருடைய வள்ளம் என்று சொல்லிவிடுவார். ஆனால் மூன்றடி தள்ளி நின்று சுகந்தினி சொல்லுகிற விலை மட்டும் ஐந்து மாதமாக அவருக்குக் கேட்கவில்லை.

"பதினோராயிரம், பதினோராயிரம், பதினோராயிரத்து இருநூறு."

"பதினோராயிரத்து ஐந்நூறு," என்றாள் சுகந்தினி.

"இருநூறு ஒருதரம். இருநூறு ரெண்டுதரம்."

"ஐந்நூறு, அண்ணை."

"இருநூறு மூண்டுதரம். பவ்ஸான், எடு."

பவ்ஸான் தன் ஆட்களுக்குக் கை காட்டினான். கட்டா மீன் குவியல் அவனுடைய சின்ன லொறிக்குப் போயிற்று. சுற்றி நின்ற ஆண்களில் ஒருவர் இருமினார். ஒருவர் கடலைப் பார்த்தார். வள்ளக்காரனுக்கு முந்நூறு ரூபா நட்டம். அவனும் வாய் திறக்கவில்லை.

பெண்கள் ஏலம் கேட்கக் கூடாது என்று அங்கே சட்டம் இல்லை. மீனவர் சங்கத்தின் கொப்பியில் எந்தப் பக்கத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை. பெண்கள் கரைக்கு வருவார்கள். வலையிலிருந்து நண்டு கழற்றுவார்கள், கூடை சுமப்பார்கள், மீன் கழுவுவார்கள். ஏலம் தொடங்கினால் மட்டும் வாயை மூடிக்கொண்டு விலகி நிற்பார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அதனால் யாரும் காரணம் சொல்ல வேண்டியும் வரவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு சுகந்தினி லொறியடிக்குப் போனாள்.

"நான் கேட்டது உங்களுக்குக் கேட்டதோ, நானா?"

"கேட்டுது தங்கச்சி. கேட்டபடியாத்தான் அதுக்கு மேல நான் ஏறேல்லை. ஏறினா உனக்குத்தானே பாரம்."

பவ்ஸான் விடத்தல்தீவு முஸ்லிம்; அவனை அவள் அண்ணன் முறையில் நானா என்பாள். புத்தளம் முகாமில் வளர்ந்து, கலியாணம் கட்டிப் பிள்ளைகளோடு ஊருக்குத் திரும்பியவன். அவளும் முகாமில் வளர்ந்தவள்தான். நாலு மாதக் குழந்தையாக வள்ளத்தில் இராமேஸ்வரம் போய், தமிழ்நாட்டு முகாமொன்றில் இருபத்திரண்டு வருடம் இருந்து திரும்பியவள். அந்த ஒற்றுமையில் அவன் அவளிடம் நியாயமாகவே நடந்தான். ஏலத்தில் கிடைக்காத மீனை அவள் அவனிடம்தான் வாங்கினாள்; என்றாலும் அவன் கை மாறி வருகிற மீனுக்கு அவன் கூலியும் ஏறத்தானே செய்யும்.

"டீசல் காசு வேணும். இல்லாட்டி அந்த விலைக்கே தந்திடுவன்," என்றான்.

அது அவளுக்குத் தெரியும். தன்னுடைய கணக்கும் அவளுக்குத் தெரியும்.

அவள் புருசன் அருள்நேசன் சங்கு குளித்தவன். மூன்று வருடத்துக்கு முன், ஆழத்திலிருந்து அவசரப்பட்டு மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே வாதம் பிடித்துக்கொண்டது. தடியூன்றிக் கிணற்றடி மட்டும் போவான், அவ்வளவுதான். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம். பிரதேச செயலகத்தில் பெண்களுக்கு நடந்த பயிற்சிக்குப் போய், கருவாட்டைச் சுத்தமாகப் போடவும், நிறுத்துப் பைகளில் அடைக்கவும், பெயர் ஒட்டவும் சுகந்தினி படித்தாள். சான்றிதழும் தந்தார்கள். ஏலக்காரருக்குக் காது கேட்காவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் அங்கே யாரும் சொல்லித்தரவில்லை.

வீட்டு வளவிலேயே கருவாடு காயவைக்க வாடி போட்டாள். மெற்றில்டாவும் வேறு இரண்டு பெண்களும் கூலிக்கு வந்தார்கள். கண்டியில் கடை வைத்திருக்கிற கைருன்னிசா என்ற பெண், பவ்ஸானுக்குத் தூரத்து உறவு, ஒரு பையை வாங்கிச் சமைத்துப் பார்த்துவிட்டு, நோன்புப் பெருநாளுக்கு முன் அறுபது கிலோ வேண்டும் என்றாள். சாமான் நன்றாக இருந்தால் மாதாமாதம் எடுப்பதாகவும் சொன்னாள். பவ்ஸானிடம் வாங்கி அறுபது கிலோ போட்டால் கூலி கொடுத்த பிறகு உப்புக் காசும் மிஞ்சாது. கரையில் ஏல விலைக்கே எடுத்தால் வாடி நிலைக்கும். எடுக்க முடியாவிட்டால் வாடியை மூட வேண்டியதுதான்.

*

மாசி மாதம் முடிகிற நேரம். வாடைக்காற்று ஓய்ந்து, வெயில் நேராக விழுந்தது. வலை விரித்த தட்டிகளில் மீன் ஒரே நாளில் தோல் இறுகியது. காகத்தை விரட்டிக்கொண்டே மெற்றில்டா கட்டாவை முதுகாலே கீறி, குடலெடுத்து, விரித்து உப்புத் தொட்டியில் அடுக்கினாள். ஐம்பத்தைந்து வயதிலும் அந்தக் கத்திக்கு இன்னொரு தரம் வெட்டுகிற பழக்கம் இல்லை.

"உனக்கு ஏலத்தில நிக்கிற விசர் இன்னும் விடேல்லையோ, பிள்ளை?"

"விட்டா நாங்கள் நாலு பேரும் என்ன செய்யிறது அக்கா?"

"நீ நிக்க நிக்க அவனுக்குக் காது இறுகுது. பெந்தேகோஸ்துத் திருநாள் வரைக்கும் நிண்டாலும் திறவாது."

"ஆமா, அதுவும் சரிதான்."

"உங்கை பாருங்கோடி, ஆமாவாம். வந்து இத்தனை வருசம், ஓம் எண்டு சொல்ல இன்னும் வாய் வளையேல்லை. இந்தியாப் பாசை விளங்காமல்தான் சிங்கராசா முழிக்கிறான் போல."

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். சுகந்தினியும் சிரித்தாள். மெற்றில்டா கத்தியை மணலில் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பொம்பிளையள் அங்கை ஒண்டே ஒண்டுதான் கேக்கலாம். வெள்ளிக்கிழமை யாகப்பர் கோயிலுக்கு விடுற கோயில் மீன். அதை ஆரும் கேக்கலாம். யாகப்பற்ற மீனுக்கு ஆம்பிளை பொம்பிளை இல்லை. மூத்தவளுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்த நேரம் நானே கேட்டு எடுத்தனான்."

"சிங்கராசா அண்ணை கூறினவரோ?"

"கூறாமல் என்ன? யாகப்பரோட ஆர் கொழுவுவான்?"

அவ்வளவுதான் மெற்றில்டா சொன்னாள். இன்னும் ஒரு வசனம் சேர்த்துச் சொல்லியிருந்தால் பின்னால் வந்த பாடெல்லாம் வந்திராது. அவள் மறைக்கவில்லை. உப்புக் கரிக்கும் என்று ஒருவரும் ஒருவருக்கும் சொல்வதில்லையே. அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு மிச்ச வசனமும் அப்படித்தான்.

பின்னேரம் புட்டும் மீன் சொதியும் வைத்துக் கொடுக்கும்போது அருள்நேசன் கேட்டான்.

"கரையில நிக்கிறியாம்?"

"மீன் பாக்க நிக்கிறனான்."

"பாத்தாப் பரவாயில்லை. வாயைத் திறந்திடாத. நான் செத்துப்போனன் எண்டு நினைப்பாங்கள்."

அவள் சொதியை அவன் கோப்பையில் இன்னொரு கரண்டி விட்டாள். ஐந்து மாதமாக வாய் திறந்துகொண்டுதான் நிற்கிறாள் என்று சொல்லவில்லை. அவன் மனம் நோகக் கூடாது என்று நினைத்தாள். நல்ல எண்ணந்தான். ஆனால் அந்த வீட்டில் அவளுக்கு வழி சொல்லக்கூடிய ஒரே வாயையும் அது அடைத்துவிட்டது.

*

வெள்ளிக்கிழமை மெற்றில்டாவுக்கு முருங்கன் ஆசுப்பத்திரியில் பிரஷர் கிளினிக். முதல் பஸ்ஸுக்கே போய்விட்டாள்.

கரையில் வெள்ளைச் சாக்கு விரித்து, அதன் மேல் ஒரு பெரிய பாரையை வைத்திருந்தார்கள். வெள்ளிதோறும் அன்றைக்குப் பட்ட மீனில் நல்லது ஒன்று புனித யாகப்பர் கோயிலுக்கு. ஏலம் அதில்தான் தொடங்கும். சிங்கராசா தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "யாகப்பற்ற மீன். கேளுங்கோ," என்றார்.

"மூவாயிரம்," என்றாள் சுகந்தினி.

கோயில் மூப்பர் பஸ்தியாம்பிள்ளை, சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான், நிமிர்ந்து சிங்கராசாவைப் பார்த்தார். சிங்கராசா கோயில் பக்கம் பார்த்தார்.

"அருள்நேசன்ர பெண்சாதி மூவாயிரம். மூவாயிரம் ஒருதரம்."

கோயில் மீனில் போட்டிக்கு ஏறுவதில்லை. மீன் அவளுக்கு வந்தது. அடுத்தது கட்டா.

"பன்னிரண்டாயிரம்," என்றான் பவ்ஸான்.

"ஐந்நூறு," என்றாள் அவள், மூச்சு விடாமல்.

"பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ஒருதரம்," என்று சிங்கராசாவின் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. கூறிய விலையைத் திருப்பி எடுக்க ஏலக்காரருக்கு வழியில்லை. பவ்ஸான் குனிந்து செருப்பு மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். குவியல் சுகந்தினிக்கு விழுந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் கோயில் வாசலில் நின்று, "யாகப்பரே, உம்மட பேரைச் சொல்லித்தான் உள்ளுக்குப் பூந்தனான். குறை நினையாதையும்," என்று மன்றாடினாள்.

அடுத்த இரண்டு கிழமையும் சிங்கராசாவுக்குக் காது கேட்டது. முகத்தைப் பார்க்காமல்தான் கூறினார், ஆனாலும் கூறினார். வாடியில் தொட்டிகள் நிறைந்தன. கோயில் பாரையை அவளே கீறி, அவளே உப்பிட்டாள். அதுதான் எல்லாவற்றிலும் திறமான துண்டு. முதல் இருபது கிலோப் பெட்டியில் அதை மேலாக அடுக்கி லொறியில் ஏற்றிவிட்டாள்.

கைருன்னிசா தொலைபேசியில் சொன்னாள்: "அந்தப் பாரையை வந்த உடனே ஒரு மனுசி முழுசா வாங்கிட்டுப் போயிட்டா. மிச்ச நாப்பதையும் இதே மாதிரி அனுப்புங்க."

*

கோயில் மீன் எடுத்ததற்கு இரண்டாம் வெள்ளி, சிலுவைப்பாதை முடிந்து சனம் கலையும்போது, மூப்பர் அவளைக் கோயில் முற்றத்தில் மறித்தார். கோபமாக இல்லை.

"கோயில் மீன் எடுத்தனீயெல்லோ பிள்ளை. கறி ஆருக்குக் குடுத்தனீ? எனக்குத்தான் வரேல்லை எண்டு நினைச்சன். கேட்டுப் பாத்தா ஒரு வீட்டுக்கும் வரேல்லை."

"என்ன கறி, மூப்பர்?"

அவர் அவளை வினோதமாகப் பார்த்தார். "எடுத்தவை அண்டைக்கே காய்ச்சி அயலுக்குக் குடுக்கிறது. உழைக்க ஆள் இல்லாத வீட்டுக்கு முதல் கோப்பை."

வெள்ளிகளில் அயலிலிருந்து தன் வீட்டுக்கு வந்த கறிக் கோப்பைகளை வெறும் அயலன்பு என்றே அவள் இதுவரை நினைத்திருந்தாள். பூனை கொண்டுபோய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். கெட்டுப்போனதென்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அப்படிச் சொல்ல வரவில்லை.

"அதைக் கருவாடு போட்டு அனுப்பிட்டன்."

"ஆருக்கு?"

"கண்டிக்கு. கடைக்கு."

மூப்பர் கோயில் கதவைத் திரும்பிப் பார்த்தார். "கோயில் மீனை விக்கிறேல்லை, பிள்ளை."

"எனக்குத் தெரியாது."

"உனக்குத் தெரியாதெண்டு எனக்குத் தெரியுது. ஆனா இதை மறைச்சு வைக்க என்னால ஏலாது."

ஞாயிறு பூசைக்குப் பிறகு சங்கம் கூடிற்று. அங்கே பெண்கள் போவதில்லை. அந்தக் கிழமை மீன்பாடும் குறைவு. குறைந்ததற்கு இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அவள் கரையில் வாய் திறந்தது பிடிக்காமல், சொல்ல ஒரு சொல் அகப்படாமல் இருந்தவர்களுக்குக் கோயில் மீன் என்ற சொல் வசதியாக வந்து சேர்ந்தது. பக்தியால் கோபப்பட்டவர்களும் இருந்தார்கள். இரண்டும் கலந்து இருந்ததில், எது எதென்று பிரிக்க மூப்பராலும் முடியவில்லை.

முடிவைச் சிங்கராசாதான் வேலிப் படலையடியில் வந்து சொன்னார். ஆடியில் வரும் யாகப்பர் திருநாள் முடியும்வரை அவள் ஏலத்தில் நிற்கக் கூடாது. கொண்டல்துறை மீனை யாரும் அவளுக்குக் கை மாற்றிக் கொடுக்கவும் கூடாது.

"நான் சொல்லேல்லை. சங்கம் சொல்லுது," என்றார்.

"தெரியாமல் செய்தது அண்ணை."

"தெரியாத இடத்துக்கு ஏன் வந்தனீ?"

அதைச் சொல்லிவிட்டு அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். படலையைச் சாத்திவிட்டுத்தான் போனார்.

பவ்ஸான் லொறியை ஒழுங்கையில் நிறுத்தி, இறங்காமலே பேசினான். "எனக்கும் அஞ்சு பிள்ளையள் தங்கச்சி. இந்தக் கரை இல்லாட்டி எனக்கு வேற கரை இல்லை. அல்லாஹ் ஒரு வழி திறப்பான்." அவன் கண் கலங்கியிருந்தது. அவள் அவனை நொந்துகொள்ளவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அருள்நேசன் கட்டிலில் கிடந்தான்.

"என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். நான் இந்த ஊரில பிறந்தவன். கோயில் மீன் எனக்குத் தெரியாதோ?"

"கேட்டா, ஏலம் கூப்பிட்டதையும் சொல்ல வேண்டி வரும்."

"கூப்பிட்டனீயோ?"

"ஓம். அஞ்சு மாசமா."

"ஊர் முழுக்கத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. கால் மட்டும்தான் போச்சுதெண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அதன் பிறகு அவளோடு பேசவில்லை.

*

மிச்ச நாற்பது கிலோவுக்கு வாடியில் இருந்தது பதினொரு கிலோ. கைருன்னிசா பொறுத்துப் பார்த்துவிட்டுக் கல்பிட்டிப் பக்கம் ஒருவரிடம் எடுத்துக்கொண்டாள். "குறை நினைக்காதீங்க. பெருநாளைக்கு முந்தி எனக்குச் சாமான் வேணுமே." மாதாமாதம் என்ற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. கூலிக்கு வந்த இரண்டு பெண்களும் சிங்கராசாவின் தம்பியின் வாடிக்குப் போனார்கள். போகும்போது அழுதார்கள். அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

மெற்றில்டா மட்டும் வந்தாள். வெறும் தட்டிகளைத் தட்டி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, வேலை இல்லாத இடத்தில் வேலை செய்தாள். மூன்றாம் நாள் கை வேலையை விட்டுவிட்டு மணலில் இருந்தாள்.

"என்ர வாயாலதான் வந்தது, பிள்ளை. கேக்கலாம் எண்டு சொன்னன். காய்ச்சிக் குடுக்க வேணும் எண்டு சொல்லேல்லை. உனக்குத் தெரியாமல் இருக்கும் எண்டு எனக்கு நினைப்பே வரேல்லை. இத்தனை வருசமா ஆமாவுக்குச் சிரிச்சனான். அதுக்கு அங்கால யோசிக்கேல்லை."

"உங்களில என்ன பிழை அக்கா?"

"பிழை பிழைதான்."

அடுத்த வெள்ளி மெற்றில்டா கரைக்குப் போய், முடிந்து வைத்திருந்த கூலிக்காசில் கோயில் மீனைக் கேட்டு எடுத்தாள். சிங்கராசா கூறினார். அந்த மீனைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் சுகந்தினியின் முற்றத்தில் இறக்கி, மூன்று கல் வைத்து, பெரிய சட்டியில் புளி கரைத்து, தூள் போட்டு, கட்டித் தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சினாள். வாசம் ஒழுங்கை முழுக்கப் போயிற்று.

"நீதான் கொண்டுபோய்க் குடுக்க வேணும்," என்றாள்.

"அக்கா, எடுக்க மாட்டினம்."

"எடுக்காட்டி அது அவையின்ர பாடு. குடுக்கிறது எங்கட பாடு."

உழைக்க ஆள் இல்லாத வீடென்று பார்த்தால் முதல் கோப்பை சுகந்தினியின் வீட்டுக்கே உரியது. மெற்றில்டா அதைச் சொல்லாமல், முதல் கோப்பையை அருள்நேசனுக்கு முன் வைத்துவிட்டு வந்தாள். பிறகு சுகந்தினி வீடு வீடாகப் போனாள். சில வீடுகளில் இரண்டு கையாலும் வாங்கினார்கள். சில வீடுகளில், "எங்களுக்குக் கறி கிடக்கு," என்று உள்ளேயிருந்தே குரல் வந்தது. கோயில் மீன் கறியை வேண்டாம் என்று அந்த ஊரில் அதுவரை ஒரு வீடும் சொன்னதில்லை. பின்னால் வந்து படலையில் நின்ற மெற்றில்டா அதைக் கேட்டுச் சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். சிங்கராசா வீட்டில் அவர் மனைவி மனோன்மணி வாங்கினாள். உள்ளே றேடியோ பாடிக்கொண்டிருந்தது.

சங்கம் முடிவை மாற்றவில்லை. அருள்நேசன் கறியைச் சாப்பிட்டான்; பேசவில்லை.

*

செவ்வாய்க்கிழமை, வெயில் தாழத் தொடங்கும் நேரம், மனோன்மணி ஒரு பையோடு படலையைத் திறந்துகொண்டு வந்தாள்.

வள்ளத்தில் போகிறவர்கள் ஏலத்துக்கு முன்பே கறிக்கென்று கொஞ்ச மீன் வீட்டுக்கு எடுப்பார்கள். அது கூலியில் சேராது, ஏலத்தில் வராது, சங்கத்துக் கணக்கிலும் இல்லை. வீட்டுக்கு வந்தால் அது வீட்டுக்காரியின் மீன். மனோன்மணியின் மகன் வள்ளத்தில் போகிறவன். பைக்குள் நாலு சின்னப் பாரையும் ஒரு விளைமீனும் இருந்தன.

"இண்டைக்குக் கறி வைக்க மனமில்லை," என்றாள் மனோன்மணி. "கருவாடு போடுவியோ?"

"அண்ணைக்குத் தெரிஞ்சால்?"

"கறிமீனை அவர் கேக்கிறேல்லை. என்ர சட்டிக்குள்ள பாக்கிற ஆம்பிளை இல்லை அவர்."

சுகந்தினி பையை வாங்கி நெஞ்சோடு பிடித்தாள். "பெரிய உபகாரம் அக்கா."

"உபகாரமோ? காசைத் தா. என்ன விலை போடுவாய்?"

சுகந்தினி ஒரு விலை சொன்னாள். கேட்டிருக்காதோ என்ற பழக்கத்தில் திருப்பிச் சொன்னாள்.

"காணாது," என்றாள் மனோன்மணி. "பாரையைப் பார், கண் என்ன வடிவாத் தெளிஞ்சு கிடக்கு. இன்னும் ஐம்பது போடு."

"ஐம்பது ஏலாது அக்கா. முப்பது."

"நாப்பது. இனிக் கதையாத."

காசை எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டு மனோன்மணி போனாள். படலையில் நின்று, "பக்கத்துச் சின்னராணி வீட்டிலயும் ஆரோ கறிமீனோட வாறமெண்டவை. அவை என்னைவிடக் கூடக் கேட்டா விடாத," என்றாள்.

ஐந்து மீன். எல்லாமாக ஒரு கிலோக் கருவாடு வராது. கண்டிக்கும் போகாது, கூலிக்கும் காணாது. மெற்றில்டா அன்றைக்கு வந்திருக்கவில்லை. பொழுது விழுமுன் கீறி உப்பிட வேண்டும். சுகந்தினி கத்தியையும் பலகையையும் எடுத்துக்கொண்டு தொட்டியடியில் குந்தினாள்.

தடியூன்றும் சத்தம் கேட்டது. அருள்நேசன் கதிரையை ஒரு கையால் இழுத்து இழுத்து, நின்று நின்று, முற்றத்துக்கு வந்தான். இருந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, கையை நீட்டினான்.

"ஒண்டைத் தா."

அவள் ஒரு பாரையையும் மற்றக் கத்தியையும் கொடுத்தாள். கறிக்கு மீன் வெட்டிப் பழகிய கை. மீனை மல்லாத்தி வயிற்றில் கத்தியை வைத்தான்.

"அப்பிடி இல்லை," என்றாள் சுகந்தினி. "முதுகாலை கீறுங்கோ."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு மீனைத் திருப்பி வைத்தான்.